செல் எப்போது சாக வேண்டும்: புரதச் சிதைவும் மைட்டோகாண்ட்ரியாவும்

பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் ஐந்தாம் பருவம் வந்துவிட்டால் யாருக்கும் ஓய்வு கிடையாது. நான்காம் தோலை உரித்துவிட்டு வந்த புழு ஆறேழு நாட்கள் மல்பெரி இலையைத் தின்று தீர்க்கும். அப்புறம் ஒரு வேளையில் இலையைப் போட்டாலும் தொடாது. உடம்பின் வெள்ளை குறைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தெரிகிற அளவுக்கு லேசான மஞ்சள் ஏறும். தலையைத் தூக்கி இருபக்கமும் ஆட்டிக்கொண்டு பிடிமானம் தேடும். புழு பழுத்துவிட்டது என்று பொறுக்கி, கூடு கட்டுவதற்கான தட்டான சந்திரிகையிலோ பிளாஸ்டிக் நெட்ரிகாவிலோ விடுவார்கள். இரண்டு மூன்று நாட்களில் கூடு முடிந்துவிடும்.

கூடு கட்டத் தொடங்கி ஐந்தாறு நாள் ஆனதும் ஒன்றிரண்டு கூடுகளை வெட்டிப் பார்ப்பது வழக்கம். உள்ளே கூட்டுப்புழு பழுப்பு நிறமாகித் தோல் கெட்டிப்பட்டிருந்தால் அறுவடை செய்து தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோகலாம். வெளிறி, மெத்தென்று இருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும். அந்தப் பழுப்புக் கூட்டுப்புழுவை வகுந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சில நாட்களுக்கு முன் புழுவின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு வரை இருந்த பட்டுச்சுரப்பி அடையாளம் தெரியாமல் சிதைந்துகொண்டிருக்கும். நோய் தாக்கவில்லை, காயம் படவில்லை, விஷமும் படவில்லை. ஆயிரம் மீட்டருக்கும் மேல் நீளும் நூலை உமிழ்ந்து முடித்த செல்கள், வேலை முடிந்த நேரத்தில் தாமாகச் சாகின்றன. அவற்றிலிருந்த சத்து, உருவாகிக்கொண்டிருக்கும் அந்துப்பூச்சிக்குப் போய்ச் சேர்கிறது.

செல் மரண ஆய்வுக்கும் பட்டுப்பூச்சிக்கும் உள்ள உறவு பழையது. 1964-ல் தொடங்கி ரிச்சர்ட் லாக்ஷினும் கேரல் வில்லியம்ஸும் அமெரிக்காவிலிருந்து வெளியிட்ட கட்டுரைத் தொடர்தான் ‘திட்டமிட்ட செல் மரணம்’ என்ற கருத்தை நிலைநிறுத்தியது. அவர்கள் ஆராய்ந்தது மல்பெரிப் பட்டுப்பூச்சியின் தூரத்து உறவான அந்தீரியா இனத்தை. டசர் பட்டு தரும் பூச்சிகள் அந்த இனத்தைச் சேர்ந்தவைதான். கூட்டைவிட்டு வெளியே வர அந்துப்பூச்சிக்கு வயிற்றுத் தசைகள் சில உதவுகின்றன. வெளியே வந்த பிறகு அவற்றுக்கு வேலையில்லை. இரண்டொரு நாளில் அவை கரைந்து மறைகின்றன. இந்தக் கரைவுக்கு வேண்டிய ஏற்பாட்டை ஹார்மோன்கள் முன்கூட்டியே செய்துவைக்கின்றன என்பதை இருவரும் காட்டினார்கள். பிற்பாடு மாண்டுகா என்ற வேறோர் அந்துப்பூச்சியில் இதே தசைகளைப் பார்த்தபோது, தசை சாகத் தயாராகும் நேரத்தில் யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தின் உற்பத்தி பலமடங்கு ஏறுவது தெரிந்தது. வேண்டாத புரதங்களைச் சிதைக்க அனுப்பும் வேலையைச் செய்வது இந்த யூபிக்விட்டின்தான். ஆக, செல்லின் சாவும் புரதச் சிதைவும் சேர்ந்தே நடக்கின்றன என்பதற்கு ஆரம்பத் தடயங்களில் ஒன்று பட்டுப்பூச்சிகளின் உறவான ஓர் அந்துப்பூச்சியிடமிருந்தே கிடைத்தது.

இந்தச் சாவு புழுவுக்கு மட்டும் உரியதன்று. நம் உடம்பில் நாள்தோறும் பல ஆயிரம் கோடி செல்கள் இப்படித்தான் சாகின்றன. கருவில் கைவிரல்கள் பிரிவதே இடையிலிருக்கும் செல்கள் செத்து விலகுவதால்தான். 1972-ல் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டேர் கறி மூவரும் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். செல் சுருங்கும், உட்கரு துண்டாகும், ஆனால் மேல்சவ்வு கிழியாமல் சிறு உருண்டைகளாகப் பிரியும். பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும். வீக்கமோ சீழோ வராது. சி. எலிகன்ஸ் என்ற நூற்புழு வளரும்போது உருவாகும் 1,090 உடற்செல்களில் சரியாக 131 செல்கள் சாகின்றன, ஒவ்வொரு புழுவிலும் அதே 131. அந்தக் கணக்கை எடுத்து, பின்னால் இருக்கும் ஜீன்களையும் கண்டுபிடித்ததற்காக பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இதில் மைட்டோகாண்ட்ரியா எங்கே வருகிறது? செல்லுக்கு வேண்டிய ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கும் உறுப்பு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்த வேலையில் சைட்டோகுரோம் சி என்ற சிறு புரதம் எலக்ட்ரான்களைக் கைமாற்றிவிடுகிறது. அது இருப்பது மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளுக்கு நடுவில். 1996-ல் ஷியோடோங் வாங்கின் குழு ஒரு விஷயத்தைக் கண்டது: இதே சைட்டோகுரோம் சி வெளிச்சவ்வைத் தாண்டிச் செல்லின் திரவப் பகுதிக்குள் வந்துவிட்டால் செல்லின் சாவு தொடங்கிவிடுகிறது. வெளியே வந்தது ஏபாஃப்-1 என்ற புரதத்தோடு சேர்கிறது; ஏழு ஏபாஃப்-1 சேர்ந்து ஒரு சக்கர வடிவம் ஆகிறது; அதன்மேல் கேஸ்பேஸ்-9 என்ற நொதி முடுக்கப்படுகிறது; அது கேஸ்பேஸ்-3-ஐ முடுக்குகிறது. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான புரதங்கள் வெட்டுப்படுகின்றன, செல் உருத்தெரியாமல் போகிறது. வெளிச்சவ்வில் துளை விழுந்துவிட்டால் ஒரு செல்லின் மைட்டோகாண்ட்ரியாக்கள் அத்தனையும் சில நிமிடங்களுக்குள் சைட்டோகுரோம் சி-யை விட்டுவிடுகின்றன. அதற்கப்புறம் பெரும்பாலான செல்களுக்குத் திரும்பும் வழி இல்லை.

துளை போடுபவை பாக்ஸ், பாக் என்ற இரண்டு புரதங்கள். போடவிடாமல் அவற்றைப் பிடித்துவைத்திருப்பவை பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 முதலானவை. இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் பிம், பியூமா, நோக்ஸா, பிட் என்று சில சிறு புரதங்கள் உண்டு. செல்லுக்கு ஏதாவது கெடுதி நேர்ந்தால் இவை பெருகி, தடுக்கும் புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன. தடை விலகியதும் பாக்ஸும் பாக்கும் சேர்ந்து துளையிடுகின்றன. எல்லாமே ஒரே பிசிஎல்-2 குடும்பம். பாடநூல்கள் இந்த இடத்தில் இரண்டு அணிகளின் படம் ஒன்றைப் போட்டு, யார் அதிகமோ அவர் வெல்வார் என்று முடித்துவிடுகின்றன. அந்தப் படத்தில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போகிறது என்பது என் எண்ணம். யார் அதிகம் என்பதை எது தீர்மானிக்கிறது? உற்பத்தி பாதி. மீதிப் பாதி, ஒவ்வொன்றும் எவ்வளவு சீக்கிரம் சிதைக்கப்படுகிறது என்பது. அவசர நேரத்தில் அந்த இரண்டாம் பாதிதான் பெரும்பாலும் முடிவைச் சொல்கிறது.

எம்சிஎல்-1-ஐ எடுத்துக்கொள்வோம். பிசிஎல்-2 பல மணி நேரம் நிலைத்திருக்கும் புரதம். எம்சிஎல்-1 அப்படியில்லை. செல்லில் இந்த நிமிடம் இருக்கும் எம்சிஎல்-1-இல் பாதி, அரைமணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் சிதைந்துபோகும். நல்ல ஆரோக்கியமான செல்லிலும் இப்படித்தான். தயாரித்துக்கொண்டே இருக்கிறது, சிதைத்துக்கொண்டே இருக்கிறது. மேலே தண்ணீர் விழ, கீழே குழாய் திறந்தே கிடக்கும் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடும்வரை மட்டம் மாறாது, பார்க்கிறவருக்குத் தொட்டி நிறைந்தே இருக்கும். கரண்ட் போனால் சிறிது நேரத்தில் காலி. எம்சிஎல்-1-ஐ நம்பி உயிர் வாழும் செல்லின் நிலையும் அதுதான். உற்பத்தி நின்றாலே போதும், தனியாக யாரும் வந்து கொல்ல வேண்டியதில்லை.

இதை 2003-ல் ஒரு சோதனை தெளிவாகக் காட்டியது. வளர்ப்புச் செல்கள்மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சியதும், புதிய எம்சிஎல்-1 தயாரிப்பு நின்றுபோனது. இருந்தது வழக்கம்போலச் சிதைந்தது. அது தீர்ந்த பிறகே மைட்டோகாண்ட்ரியாவில் துளை விழுந்தது. சிதைவைத் தடுத்தபோது சாவும் தள்ளிப்போனது. கதிர் கெடுத்தது டிஎன்ஏவை. ஆனால் சாவுக்கு வழிவிட்டது ஒரு புரதத்தின் குறைந்த ஆயுள்.

இனி சிதைவு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வயிற்றில் நாம் தின்ற பருப்பின் புரதம் செரிப்பதற்கு ஏடிபி வேண்டாம். நொதி இருந்தால் போதும். ஆனால் செல்லுக்குள் நடக்கும் புரதச் சிதைவுக்கு ஏடிபி செலவாகிறது என்பது 1950-களிலேயே தெரிந்து, ஒரு புதிராக நின்றது. ஒன்றை உடைப்பதற்கு எதற்காக ஆற்றல் செலவழிக்க வேண்டும்? ஆரன் சிச்சனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவரும் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு விடை கண்டார்கள். 2004-ல் வேதியியல் நோபல் அதற்காகத்தான். ஆற்றலில் ஒரு பங்கு, எதை உடைப்பது என்று தேர்ந்தெடுத்து அடையாளம் இடுவதற்குச் செலவாகிறது. 76 அமினோ அமிலங்கள் கொண்ட யூபிக்விட்டினை ஒரு நொதி ஏடிபியைச் செலவழித்துத் தயார் செய்கிறது, இரண்டாவது நொதி வாங்கிக்கொள்கிறது, மூன்றாவது நொதி குறிப்பிட்ட ஒரு புரதத்தை அடையாளம் கண்டு அதன்மேல் ஒட்டச்செய்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக நான்குக்குக் குறையாமல் சங்கிலியாகச் சேர்ந்தால், புரோட்டியாசோம் என்ற பீப்பாய் வடிவ அமைப்பு அந்தப் புரதத்தைப் பிரித்து, நீட்டி, உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக வெட்டிவிடும். அதற்கும் ஏடிபி வேண்டும். வெட்டும் பகுதிகள் பீப்பாயின் உட்புறம் இருப்பதால் வெளியே இருக்கும் புரதங்களுக்கு ஆபத்து இல்லை.

மூன்றாம் வகை நொதிகள் மனிதனில் அறுநூறுக்கும் மேல். எந்தப் புரதம் போக வேண்டும் என்ற தேர்வு முழுக்க இவற்றின் கையில். எம்சிஎல்-1-க்கு மட்டுமே பல நொதிகள் வரிசையில் நிற்கின்றன. மியூல் என்பது ஒன்று, 2005-ல் அடையாளம் காணப்பட்டது. பீட்டா-டிஆர்சிபி இன்னொன்று. எஃப்பிடபிள்யூ7 மற்றொன்று. எதிர்ப்பக்கத்தில் யுஎஸ்பி9எக்ஸ் என்ற நொதி, ஒட்டிய யூபிக்விட்டினைக் கழற்றி எம்சிஎல்-1-இன் ஆயுளை நீட்டுகிறது. ஒரே புரதத்தின்மேல் இத்தனை கைகள் எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வொரு நொதியும் செல்லின் வெவ்வேறு நிலைமையைக் கவனித்து வேலை செய்கிறது. வளர்ச்சிக் குறிப்பு குறைந்தால் ஒன்று முடுக்கப்படும், செல் பிரிவு நடுவில் சிக்கிக்கொண்டால் வேறொன்று.

செல் பிரிவில் சிக்கும் நிலைமை புற்றுநோய் சிகிச்சைக்கு நேரடியாகப் பயன்படுகிறது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின், செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் இழைகளைக் கெடுத்துவிடும். பிரியவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் செல் நடுவழியில் நிற்கும். அந்த நிலையில் புதிய ஆர்என்ஏ அநேகமாகத் தயாராவதில்லை, எம்சிஎல்-1 உற்பத்தி விழுந்துவிடும். சிதைவு மட்டும் தொடரும். எஃப்பிடபிள்யூ7 அதில் பங்கெடுக்கும். கொஞ்ச நேரத்தில் தடை தீர்ந்து மைட்டோகாண்ட்ரியா திறந்துவிடும். எஃப்பிடபிள்யூ7 கெட்டுப்போன புற்றுச்செல்களில் எம்சிஎல்-1 தேங்குகிறது, மருந்து கொடுத்தும் அவை பிழைத்துக்கொள்கின்றன. மருந்துக்குப் பணியாத புற்றுநோயின் காரணங்களில் ஒன்று, சிதைக்க வேண்டியதைச் சிதைக்காமல் விட்டது.

இதே சிதைவு செல்லைக் காப்பாற்றவும் செய்கிறது, இதைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் பாதிக் கதைதான். சாவின் பக்கம் நிற்கும் புரதங்களும் தொடர்ந்து சிதைக்கப்படுகின்றன. செல்லை வளரச் சொல்லி வெளியிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணிகள் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை பிம் புரதத்துக்கு அடையாளம் இடப்பட்டு, அது புரோட்டியாசோமுக்குப் போய்விடும். வளர்ச்சிக் காரணிகள் நின்றால் பிம் சேரும். பி53 என்ற புரதத்தின் ஆயுள் சாதாரண செல்லில் அரைமணிக்கும் குறைவு, காரணம் எம்டிஎம்2 என்ற நொதி அதை உடனுக்குடன் யூபிக்விட்டின் ஒட்டி அனுப்பிவிடுவது. டிஎன்ஏ முறிந்தால் எம்டிஎம்2-இன் பிடி தளர்கிறது, பி53 பெருகுகிறது, பியூமாவும் நோக்ஸாவும் தயாராகின்றன. நோக்ஸா போய் எம்சிஎல்-1-ஐப் பற்றிக்கொள்வதோடு, அதன் சிதைவையும் விரைவுபடுத்துகிறது. ஒன்றின் சிதைவு நிற்பது மற்றொன்றின் சிதைவைத் தொடங்கிவைக்கிறது. எனவே செல் உயிரோடு இருப்பது ஒரு சும்மா கிடக்கும் நிலை இல்லை. நிமிடத்துக்கு நிமிடம் ஏடிபி செலவழித்து, சிலவற்றை உண்டாக்கி, சிலவற்றை அழித்துத்தான் அது உயிரோடு இருக்கிறது.

இத்தனை செலவு ஏன் என்பதற்கு நம் ரத்தத்தின் நியூட்ரோபில் வெள்ளணு நல்ல உதாரணம். காலில் முள் குத்தினால் கிருமியைத் தேடி முதலில் ஓடிவருவது இது. இதன் கையில் இருக்கும் நொதிகள் கிருமியை மட்டுமல்ல, நம் திசுவையும் கெடுக்கக்கூடியவை. அதனால் வேலை முடிந்ததும் சீக்கிரம் போய்விட வேண்டும். நியூட்ரோபில் உயிருக்கு நம்பியிருப்பது பெருமளவு எம்சிஎல்-1-ஐ. கிருமி இருக்கும் இடத்தில் வரும் குறிப்புகள் எம்சிஎல்-1-ஐ நிலைநிறுத்தி அதன் வாழ்நாளைச் சில மணி நேரம் நீட்டும். குறிப்புகள் ஓய்ந்ததும் எம்சிஎல்-1 சிதையும், வெள்ளணு சாகும், வீக்கம் வடியும். ஆயுள் குறைந்த புரதம் என்பதால்தான் இந்த நீட்டலும் குறைத்தலும் இவ்வளவு விரைவாக முடிகிறது.

துளை விழுந்த பிறகும் சிதைவின் பங்கு முடிவதில்லை. எக்ஸ்ஐஏபி என்ற புரதம் கேஸ்பேஸ்களைப் பற்றி வைத்திருக்கிறது, தானே மூன்றாம் வகை நொதியாகவும் இருக்கிறது. தப்பித்தவறி கொஞ்சம் கேஸ்பேஸ் முடுக்கப்பட்டாலும் அதை அடக்கிவிடும். மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி-யோடு சேர்ந்து வெளிவரும் ஸ்மாக் என்ற புரதம், எக்ஸ்ஐஏபியைப் பிடித்துக் கேஸ்பேஸை விடுவிக்கிறது. வாழ்நாள் முழுக்க நிலைத்திருக்க வேண்டிய நரம்புச் செல்களில் இந்தப் பாதுகாப்பு கடுமையானது. இதயம், குடல் போன்ற உள்ளுறுப்புகளுக்குப் போகும் பரிவு நரம்பின் செல்லுக்குள் சைட்டோகுரோம் சி-யை ஊசியால் செலுத்தியே பார்த்திருக்கிறார்கள், அது சாகவில்லை. வளர்ச்சிக் காரணி கிடைக்காமல் எக்ஸ்ஐஏபி குறைந்தால்தான் செத்தது. சாவு உறுதியாகிவிட்டால் கேஸ்பேஸ்கள் புரோட்டியாசோமின் சில பகுதிகளையே வெட்டி, சிதைவு வேலையை நிறுத்திவிடுகின்றன. பிறகு எதையும் மீட்க முடியாது.

கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் அப்புறப்படுத்திச் செல்லைப் பிழைக்கவைக்கும் வேலையும் யூபிக்விட்டின் வழியாக நடக்கிறது. பிங்க்1, பார்க்கின் என்ற இரண்டு புரதங்கள் அதைச் செய்கின்றன. அவற்றின் ஜீன்கள் கெட்டவர்களுக்கு இளம் வயதிலேயே பார்க்கின்சன் நோய் வரக்கூடும்.

மனிதச் செல்லில் கண்ட வரிசையை அப்படியே பூச்சிக்குப் பொருத்திவிடக் கூடாது. பழ ஈயில் சைட்டோகுரோம் சி-யின் பங்கு சிறிது. அங்கே டிஐஏபி1 என்ற, எக்ஸ்ஐஏபியின் உறவுப் புரதம் சிதைக்கப்படுவதுதான் சாவின் முக்கியத் திருப்பம். பட்டுப்புழுவின் சுரப்பியிலோ தோலுரிப்பையும் உருமாற்றத்தையும் தூண்டும் எக்டைசோன் ஹார்மோன் உயர்ந்ததும் செல் தன் உள்ளுறுப்புகளைத் தானே விழுங்குவதும் கேஸ்பேஸ்கள் வேலை செய்வதும் சேர்ந்தே நடக்கின்றன. பாதைகள் வேறுபட்டாலும் ஒரு விஷயம் மாறுவதில்லை: எங்கும் சாவைத் தடுக்கும் புரதம் ஒன்று இருக்கிறது, அது போவதற்கென்று ஒரு வழியும் வைக்கப்பட்டிருக்கிறது.

பட்டுச்சுரப்பியின் செல்லைப் போலவே ஓயாமல் புரதம் சுரக்கும் செல் ஒன்று நம்மிடமும் உண்டு. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல் அது. கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிப் புரதங்களை நொடிக்கு ஆயிரக்கணக்கில் வெளியே அனுப்பும். இத்தனை உற்பத்தியில் சரியாக மடியாத புரதங்களும் நிறைய வரும், அவற்றை அகற்றப் புரோட்டியாசோம் முழு மூச்சாக வேலை செய்தாக வேண்டும். இந்தச் செல் புற்றாக மாறினால் வருவது மல்டிபிள் மைலோமா. 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்டெசோமிப் என்ற மருந்து, போரான் அணு ஒன்றைக் கொண்டு புரோட்டியாசோமின் வெட்டும் இடத்தையே அடைக்கிறது. ஒசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குச் சிகிச்சைக்குப் போகிற மைலோமா நோயாளிகளுக்கு வயிற்றுத் தோலடியில் போடப்படும் ஊசி பல சமயம் இதுவாக இருக்கும். புரோட்டியாசோம் நின்றால் எம்சிஎல்-1-உம் சிதையாமல் சேருமே, செல் பிழைத்துக்கொள்ளாதா என்ற கேள்வி நியாயமானது. சேரத்தான் செய்கிறது. ஆனால் மைலோமா செல்லில் நோக்ஸா அதைவிட வேகமாகக் குவிகிறது. மடியாத புரதங்களின் நெருக்கடியும் சேர்ந்து செல்லைச் சாவின் பக்கம் தள்ளிவிடுகிறது.

2016-ல் வந்த வெனிடோகிளாக்ஸ், பிசிஎல்-2-ஐ நேரடியாகப் பற்றி, சில ரத்தப் புற்றுநோய்களில் நல்ல பலன் தருகிறது. ஆனால் பிசிஎல்-2-ஐ விட்டு எம்சிஎல்-1-ஐ நம்பத் தொடங்கும் புற்றுச்செல்கள் இந்த மருந்திலிருந்து தப்பிவிடுகின்றன. அதனால் எம்சிஎல்-1-ஐப் பற்றும் மருந்துகளும் உருவாயின. அவற்றோடு இரண்டு சிக்கல்கள் வந்தன. மருந்து ஒட்டிய எம்சிஎல்-1 வழக்கமான வேகத்தில் சிதைவதில்லை. செயலிழந்த நிலையிலேயே செல்லில் தேங்குகிறது. இரண்டாவது சிக்கல் பெரிது. இதயத் தசைக்கும் எம்சிஎல்-1 வேண்டும். எலிகளின் இதயத் தசையில் மட்டும் அதை நீக்கியபோது சில வாரங்களில் இதயம் செயலிழந்ததை 2013-லேயே பார்த்திருந்தார்கள். மனிதச் சோதனைகளில் இதயம் பாதிக்கப்படுவதற்கான அறிகுறிகள் சிலரிடம் தெரிந்ததும் சில மருந்துகளின் சோதனை நிறுத்தப்பட்டது. எம்சிஎல்-1-ஐ மட்டுமே நம்பியிருக்கும் புற்றுச்செல் அது முடக்கப்பட்ட சில மணி நேரத்திலேயே செத்துவிடும்; இதயத் தசையால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்க முடியும் என்று எதிர்பார்க்கிறார்கள். ரத்தத்திலிருந்து விரைவாக வெளியேறும் எம்சிஎல்-1 மருந்துகளை வடிவமைக்கும் முயற்சி இப்போது அந்த இடைவெளியை நம்பித்தான் நடக்கிறது.